செஸ் என்ஜினை உங்களுக்கேத்த எதிராளியா மாத்துறது எப்பிடி

என்ர அக்கான்ர பெடியனுக்கு பதினொரு வயசு, பள்ளிக்கூட செஸ் ரீமில விளையாடுறான், பின்னேரம் ரியூசனுக்கு வெளிக்கிட முன்னம் கிடைக்கிற அரை மணித்தியாலத்தில ஃபோன்ல ரெண்டு கேம் அடிச்சிட்டுத்தான் சைக்கிளை எடுப்பான். ஒருநாள் பக்கத்தில இருந்து வடிவா பாத்தனான். இத்தாலியன் ஓப்பினிங், மெஷின் பதினாலு மூவுக்கு ஒரு மாஸ்டர் மாதிரி விளையாடுது, பதினைஞ்சாவது மூவில தன்ர பிஷப்பை எச்3 சிப்பாயில கொண்டுபோய் அடிச்சு சும்மா குடுத்திட்டுது, அதுக்குப் பிறகு அட்டாக்கும் இல்லை ஒண்டும் இல்லை. இவன் பிஷப்பை எடுத்தான், மிச்ச காயெல்லாம் ஒண்டுக்கு ஒண்டு மாத்தினான், வெண்டான். "உது எப்பவும் எங்கயாவது சும்மா தரும் மாமா, அது மட்டும் நான் பிழை விடாம இருந்தா காணும்" எண்டு சொன்னான். அடுத்த மாசம் ஒரு போட்டிக்குப் போனான், அங்க எதிரில இருந்த பெடியன் ஒண்டும் சும்மா குடுக்கேல்லை, இவனும் ஒரு திட்டமும் இல்லாம காவல் இருந்து இருந்து கடைசியில கோட்டை எண்ட்கேமில தோத்துப்போய் வந்தான். அழேல்லை, ஆனா இரவு சாப்பிடேல்லை.

அவனை அப்பிடி காவல் இருக்கப் பழக்கினது அந்த அப்பில இருந்த ஒரு செற்றிங்தான் எண்டு எனக்கு விளங்கின பிறகுதான் உந்த விஷயத்துக்குள்ள ஒழுங்கா இறங்கினனான். பிள்ளையளுக்கோ உங்களுக்கோ என்ஜினோட விளையாடிப் பழகிற ஆக்களுக்கு இது உதவும் எண்டு நினைச்சு எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும், ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. என்ஜின் எண்டது மூவைக் கணக்குப் போடுற புரோகிராம், அதுக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒண்டு சேர்ச், அதாவது நான் இங்க வச்சா அவன் அங்க வைப்பான், பேந்து நான் இப்பிடி வைப்பன் எண்டு எவ்வளவு தூரம் போய்ப் பாக்குது எண்டது. மற்றது ஈவல், அப்பிடி போய் நிண்ட இடத்தில அந்தப் போர்ட் ஆருக்கு நல்லது எண்டு ஒரு நம்பர் போடுறது. சிப்பாய் ஒண்டு 100 எண்டு வச்சு மற்றதெல்லாம் அதுக்கேத்த கணக்கு. பலம் கூடுதலா சேர்ச்சில இருந்து வருது, குணம் ஈவல்ல இருந்தும் ஓப்பினிங் புக்கில (ஆரம்ப மூவுகளை எழுதி வச்ச ஃபைல்) இருந்தும் வருது. கனபேர் செய்யிற பிழை என்னெண்டா, குணத்தை மாத்த நினைச்சுக்கொண்டு பலத்தைக் குறைக்கினம், பேந்து "இது விசர் மாதிரி விளையாடுது" எண்டு சொல்லினம்.

என்ன சாமான் வேணும் எண்டா, அன்ட்ரொய்ட் ஃபோன்ல எண்டா ட்ரொய்ட்ஃபிஷ் எண்ட அப் காணும், அதுக்குள்ளயே ஸ்டொக்ஃபிஷ் எண்ட என்ஜின் இருக்கு, இலவசம். கொம்பியூட்டர்ல எண்டா போர்டைக் காட்டுற புரோகிராம் வேற, என்ஜின் வேற. போர்டுக்கு அரீனா இல்லாட்டி கியூட் செஸ், ரெண்டும் இலவசம், நான் கியூட் செஸ்தான் பாவிக்கிறன், ஏனெண்டா அதில ஒரு மூவுக்கு இத்தினை நோட் (அது என்னெண்டு கீழ சொல்லுறன்) எண்டு கட்டுப்படுத்தலாம், ரெண்டு என்ஜினை தங்களுக்குள்ள விளையாட விடவும் லேசு. போர்டும் என்ஜினும் யூசிஐ எண்ட பொதுவான பாஷையில கதைக்குதுகள், அது 2000 ஆம் ஆண்டு வந்தது, ஷ்ரெடர் என்ஜினை எழுதின ஸ்டெஃபான் மையர் காலனும் ரூடொல்ஃப் ஹூபரும் செய்தது. அதாலைதான் எந்த என்ஜினையும் எந்த போர்டுக்குள்ளயும் போடக்கூடியதா இருக்கு.

புது என்ஜின் ஒண்டு இறக்கினா முதல் வேலையா அந்த எக்ஸீ ஃபைலை நேரா டபுள் கிளிக் பண்ணுங்கோ, கறுப்பு விண்டோ ஒண்டு வரும், அதில யூசிஐ எண்ட மூண்டு எழுத்தை இங்கிலீஷில சின்ன எழுத்தா அடிச்சு என்ரர் தட்டினா அந்த என்ஜினில மாத்தக்கூடிய ஒப்ஷன் எல்லாத்தையும் வரிசையா காட்டும், ஒவ்வொண்டுக்கும் ஆரம்பத்தில இருக்கிற நம்பர் என்ன, ஆகக்குறைஞ்சது எது, ஆகக்கூடினது எது எண்டு. இதை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. பேந்து எல்லாத்தையும் மாத்திக் குழப்பினாலும் திரும்பி வர வழி இருக்கும்.

இப்ப பலத்தைக் குறைக்கிற கதைக்கு வாறன், முக்கியமான இடம் இதுதான். ஸ்டொக்ஃபிஷ்ஷில ஸ்கில் லெவல் எண்டு 0 இல இருந்து 20 மட்டும் இருக்கு. அதைக் குறைச்சா என்ஜின் குறைவா யோசிக்கும் எண்டுதான் நானும் நினைச்சனான். அது செய்யிறது வேற: குறைஞ்சது நாலு நல்ல மூவை வரிசைப்படுத்தி வச்சிட்டு, லெவல் குறையக் குறைய அதில கீழ இருக்கிற மூவை குருட்டாம்போக்கில எடுக்கிற வாய்ப்பைக் கூட்டுது. அந்தப் பொசிஷன்ல நாலாவது மூவ் எண்டது பிஷப்பை சும்மா குடுக்கிற மூவா இருந்தா அதையும் வைக்கும். பெடியன்ர கேமில நடந்தது சொல்லி வச்ச மாதிரி அதுதான். மனிசன் ஒருதன் பிழை விடுறது களைச்சோ, ஒரு அட்டாக்கில கண் வச்சு மற்றப் பக்கத்தை மறந்தோதான், அந்தப் பிழைக்கு ஒரு காரணம் இருக்கும். இதில காரணம் இல்லை, அதாலை அதில இருந்து பிள்ளை படிக்கவும் ஒண்டும் இல்லை. ஈலோ எண்டு ரேட்டிங் நம்பர் குடுக்கிற ஒப்ஷனும் இருக்கு, இப்பத்தையான் வேர்ஷன்களில 1320 இல இருந்து 3190 மட்டும், அதைப் போட்டா உள்ளுக்குள்ள நடக்கிறது அதே கூத்துத்தான், தவிர அந்த நம்பர் என்ஜின்கள் தங்களுக்குள்ள விளையாடின பட்டியலை வச்சுப் பொருத்தினது, எங்கட போட்டியளில கிடைக்கிற ரேட்டிங்கோட அதை ஒப்பிட ஏலாது.

டெப்த்தைக் கட்டுப்படுத்துறது, அதாவது ரெண்டு பக்கத்து மூவையும் சேத்து எண்ணி ஆறு மூவுக்கு மேல பாக்காதை எண்டு சொல்லுறது, ஸ்கில் லெவலைவிட நேர்மையான வழி. ஒரு நல்ல விஷயம் என்னெண்டா, டெப்த் 1 எண்டு வச்சாலும் என்ஜின் அடிபடுற காய்களைப் பாக்காம நிப்பாட்டாது, ஒரு காயை ஒண்டு வெட்ட மற்றது திருப்பி வெட்ட எண்டு அந்த வெட்டுக்குத்து ஓயும் மட்டும் போய்ப் பாத்துத்தான் நம்பர் போடும். அதாலை சும்மா காய் குடுக்கிறது கிட்டத்தட்ட நிண்டிடும், ஆனா தூரத்தில வாற ஆபத்து அதுக்குத் தெரியாது. எங்கட பெடியளும் அப்பிடித்தானே, கிட்ட இருக்கிறது தெரியும், ஐஞ்சு மூவுக்கு அங்கால இருக்கிறது தெரியாது. குறை என்னெண்டா, நடுக்கேமில டெப்த் 6 எண்டது கனக்க, ராஜாவும் ரெண்டு சிப்பாயும் மிஞ்சின எண்ட்கேமில அது ஒண்டுமில்லை. சிப்பாய் ராணியாகிறதுக்கே அதைவிடக் கூட மூவ் வேணும். அதாலை அதே என்ஜின் நடுக்கேமில புலியா நிண்டு எண்ட்கேமில எலியா மாறும்.

அதுக்குத்தான் நோட் கணக்கு. நோட் எண்டா என்ஜின் பாக்கிற ஒவ்வொரு பொசிஷனும். ஒரு மூவுக்கு 5000 நோட் எண்டு கட்டிவிட்டா, காய் கனக்க இருக்கிற நேரம் அந்த 5000 கெதியா முடிஞ்சு கிட்டத்தில நிக்கும், காய் குறைஞ்ச நேரம் அதே 5000 தூரம் போகும், இது மனிசன்ர யோசனைக்குக் கொஞ்சம் கிட்ட வருது. நேரத்தைக் கட்டுப்படுத்துறதைவிடவும் இது நல்லது, ஏனெண்டா ஒரு செக்கன் எண்டு குடுத்தா உங்கட லப்டொப்பைப் பொறுத்து பலம் மாறும், சித்திரை வெயிலுக்க ஓட்டுக்கூரைக்குக் கீழ வச்சு விளையாடினா மெஷின் சூடாகி வேகம் குறைஞ்சு பின்னேரத்தில ஒரு பலம், விடியக்காலமை ஒரு பலம். நோட் எண்டா சுண்ணாகத்திலயும் ஒண்டுதான் ரொறன்ரோவில இருக்கிற சித்தப்பான்ர கொம்பியூட்டர்லயும் ஒண்டுதான். எத்தினை நோட் எண்டு கேட்டா, 5000 இல தொடங்குங்கோ, தொடர்ந்து தோத்தா பாதியாக்குங்கோ, தொடர்ந்து வெண்டா ரெட்டிப்பாக்குங்கோ, பத்துக் கேமில மூண்டு நாலு வெல்லுற இடத்தில விடுங்கோ. அதிலதான் பிள்ளை கஷ்டப்படவும் செய்யும் மனம் விடவும் மாட்டுது.

மற்ற சேர்ச் செற்றிங்குகளை கெதியா சொல்லுறன். ஹாஷ் எண்டது ஏற்கனவே பாத்த பொசிஷனை ஞாபகம் வச்சிருக்கிற இடம், ஸ்டொக்ஃபிஷ்ஷில சும்மா விட்டா 16 எம்பி. ஐஞ்சு நிமிஷக் கேமுக்கு 128 எம்பி தாராளம், நீண்ட அனாலிசிஸ்க்கு 512, அதுக்கு மேல ராம் கனக்க இருந்தால் மட்டும். 4 ஜிபி லப்டொப்பில ஒருக்கா 3000 எண்டு குடுத்தனான், ராம் காணாம ஹார்ட்டிஸ்கில எழுதி வாசிக்கத் தொடங்கி, முந்தி ரெண்டு செக்கன்ல வந்த டெப்த்துக்கு ஒரு நிமிஷம் எடுத்துது. ஹாஷ் எவ்வளவு நிரம்பியிருக்கு எண்டு என்ஜின் ஆயிரத்துக்கு எத்தினை எண்டு சொல்லிக்கொண்டிருக்கும், அது பாதிக்குக் கீழ நிண்டா கூட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. த்ரெட் எண்டது கொம்பியூட்டர் ப்ரொசெசர்ல எத்தினை கோர் பாவிக்கலாம் எண்டது, அனாலிசிஸ்க்கு உள்ளதில ஒண்டைக் குறைச்சுக் குடுங்கோ, ஆனா செற்றிங் ரெஸ்ற் பண்ணேக்க கட்டாயம் 1, ஏனெண்டா ஒண்டுக்கு மேல போனா அதே பொசிஷனுக்கு அதே செற்றிங்கில ஒவ்வொருக்கா ஒவ்வொரு மூவ் வரும், நீங்கள் மாத்தினதாலயா தானா மாறினதா எண்டு தெரியாமப் போகும். பொண்டர் எண்டது எங்கட நேரத்திலயும் யோசிக்கிறது, பயிற்சிக்கு அதை நிப்பாட்டி விடுங்கோ. 2022 பங்குனி கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில பற்றறியை நம்பி விளையாடினவைக்கு பொண்டர் எவ்வளவு இழுக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. மல்டி பிவி எண்டது நல்ல மூவ் ஒண்டுக்குப் பதிலா மூண்டு நாலைக் காட்டுறது, படிக்கேக்க நல்லம், ஆனா வேலை பங்காகிறதால ஒவ்வொண்டிலயும் டெப்த் குறையும். எண்ட்கேமுக்கு சிசிஜி எண்ட ரேபிள்பேஸ் (காய் குறைஞ்ச பொசிஷனுக்கெல்லாம் சரியான முடிவை முன்னமே கணக்குப் போட்டு வச்ச ஃபைல்) இருக்கு, ரொனால்ட் டி மான் செய்தது, ஐஞ்சு காய் மட்டும் உள்ளது கிட்டத்தட்ட 1 ஜிபிதான், அதை இறக்கி வையுங்கோ, ஆறு காய் எண்டா 150 ஜிபி அளவு, ஏழு எண்டா 17 ரெராபைற் அளவு, அது எங்களுக்கு வேண்டாம்.

இனி குணம். இதில முதல் தெரிய வேண்டியது, ஸ்டொக்ஃபிஷ்ஷில குணத்தை மாத்த ஏலாது எண்டது. முந்தி கிட்டத்தட்ட எல்லா என்ஜினிலயும் மனிசர் எழுதின ஈவல் இருந்தது, ராஜா பாதுகாப்புக்கு இவ்வளவு, தனிச் சிப்பாய்க்கு இவ்வளவு கழிவு எண்டு தனித்தனி நம்பர். 2020 இல ஸ்டொக்ஃபிஷ் 12 ஓட நியூரல் நெற்வேர்க் (கனக்க பொசிஷனைப் பாத்து தானா பழகின வலை) வந்தது, 2024 இல வந்த 16.1 இல பழைய ஈவலை முழுசா எடுத்திட்டாங்கள். இப்ப ஈவலுக்கு உள்ளது வலை மட்டும்தான், அதுக்குள்ள ராஜா பாதுகாப்பு எண்டு தனியா திருக்க ஒரு குமிழ் இல்லை. பலம் பயங்கரமா கூடினது உண்மை, ஆனா எங்களை மாதிரி எதிராளியைச் செதுக்க நினைக்கிற ஆக்களுக்கு பழைய மாதிரி ஈவல் உள்ள என்ஜின்தான் வேணும்.

எனக்குப் பிடிச்சது ரோடென்ற். போலந்துக்காரர் பவெல் கோசியொல் செய்தது, இலவசம். தால், பெற்றோசியன் மாதிரி பழைய சாம்பியன்களின்ர பேரில பேர்சனாலிற்றி ஃபைல் எல்லாம் கூடவே வருது, சாதாரண ரெக்ஸ்ற் ஃபைல்தான், நோட்பாட்டில திறந்து நம்பரை மாத்தலாம். காசு குடுக்க விருப்பமெண்டா கொமோடோ ட்ராகன்ல அக்ரெசிவ், டிஃபென்சிவ் எண்டு ரெடியாவே இருக்கு. பழைய செஸ்மாஸ்டர் சீடி ஆரிட்டயும் இருந்தா அதின்ர பேர்சனாலிற்றி எடிற்றரும் அருமையானது, காய்களின்ர பெறுமதியையே தன்ர பக்கத்துக்கு வேற, எதிரிக்கு வேற எண்டு மாத்தலாம்.

ரோடென்றில முக்கியமா ரெண்டு நம்பர், ஓன் அட்டாக், ஒப் அட்டாக். ரெண்டும் 100 இல இருக்கும், நூற்றுவீதம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. ஓன் அட்டாக் எண்டது எதிரி ராஜாவில தான் போடுற அழுத்தத்துக்கு அது குடுக்கிற மதிப்பு, ஒப் அட்டாக் எண்டது தன்ர ராஜாவுக்கு வாற ஆபத்தை எவ்வளவு பெரிசா எடுக்குது எண்டது. ரெண்டும் தனித்தனியா இருக்கிறதுதான் இதின்ர அழகு. ஓனைக் கூட்டி ஒப்பைக் கூட்டினா கவனமான அட்டாக்காரன், ஓனைக் கூட்டி ஒப்பைக் குறைச்சா முன்பின் பாக்காம பாயிறவன், ஓனைக் குறைச்சு ஒப்பைக் கூட்டினா கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருக்கிறவன். நான் 140 உம் 80 உம் வச்சு ஒரே பொசிஷனைக் குடுத்துப் பாத்தன், ராணிக்கு ராணி மாத்தலாம் எண்ட இடம், 100 இல உடனை மாத்தினது, 140 இல ராணியை ஒரு கட்டம் தள்ளி வச்சிட்டு அடுத்த மூவில எச் சிப்பாயைத் தள்ளிச்சுது, தன்ர ராஜாவுக்கு முன்னால காவல் இல்லாமப் போனதைப் பற்றி கவலையே இல்லை. அப்பிடிப்பட்ட பெடியள் எங்கட போட்டியளில கனபேர், அவையளுக்கு எதிரா எப்பிடி நிண்டு பிடிச்சு திருப்பி அடிக்கிறது எண்டு பழக இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. கீப் குயீன் எண்டு இன்னொண்டும் இருக்கு, தன்ர ராணியை மாத்தாம வச்சிருக்க அது குடுக்கிற மேலதிக மதிப்பு, கொஞ்சம் கூட்டினா காணும்.

அளவோட மாத்துங்கோ. 100 இல இருந்து 300 க்கு ஒரேயடியா போனா என்ஜின் எந்தக் காயையும் தியாகம் பண்ணிக்கொண்டு வரும், அதில முக்கால்வாசி பொய், பிள்ளை சும்மா எடுத்து எடுத்து வெல்லும், திரும்பவும் அந்த எச்3 பிஷப் கதைதான். ஒருக்காக்கு பத்து இல்லாட்டி பதினைஞ்சு எண்டு ஏத்துங்கோ, ஒரு நேரத்தில ஒரு நம்பர் மட்டும்.

கொன்டெம்ப்ட் எண்டதை ஒரு கணக்கா சொல்லுறன். சாதாரணமா ட்ரோ எண்டா என்ஜினுக்கு 0. கொன்டெம்ப்ட் 50 எண்டு வச்சா ட்ரோவை அரைச் சிப்பாய் நட்டமா பாக்கும், அதாவது மைனஸ் 50. இப்ப என்ஜின் கொஞ்சம் பின்தங்கி மைனஸ் 30 இல நிக்குது, ஒரே மூவைத் திருப்பித் திருப்பி வச்சு ட்ரோ எடுக்க வழியும் இருக்கு எண்டு வையுங்கோ. கொன்டெம்ப்ட் 0 எண்டா மைனஸ் 30 ஐவிட 0 நல்லது, ட்ரோ எடுத்திடும். 50 எண்டா மைனஸ் 50 ஐவிட மைனஸ் 30 நல்லது, ட்ரோவை விட்டிட்டு தொடர்ந்து சண்டை பிடிக்கும். உங்களுக்கு கடைசிவரை விடாத எதிராளி வேணுமெண்டா கூட்டுங்கோ, மைனஸ்ல போட்டா லேசா ட்ரோவுக்கு ஒத்துக்கொள்ளுற ஆள். ஸ்டொக்ஃபிஷ்ஷிலயும் முந்தி இது இருந்தது, 2021 இல எடுத்திட்டாங்கள்.

புக்கை மறக்காதைங்கோ. ஈவலை எவ்வளவு மாத்தினாலும் கொலே சிஸ்டம் மாதிரி அடக்கமான ஓப்பினிங்கில கொண்டுபோய் விட்டா அட்டாக் வர இடமே இல்லை. கியூட் செஸ் பொலிக்ளொட் வகை புக்கை எடுக்கும், அட்டாக்காரனுக்கு கிங்ஸ் கம்பிற், ஸ்கொச் கம்பிற் உள்ள புக், பூட்டி இருக்கிறவனுக்கு காரோ கான், லண்டன் உள்ளது. அடுத்த போட்டியில ஆர் வருவினம் எண்டு தெரிஞ்சா அவை விளையாடுற ஓப்பினிங்கையே போடுங்கோ.

மனிசர் மாதிரியே பிழை விடுற ஆள் வேணுமெண்டா மாயா எண்டு ஒண்டு இருக்கு, 2020 இல வந்தது, லிசெஸ் எண்ட செஸ் வெப்சைற்றில மனிசர் விளையாடின கேம்களை வச்சு 1100 இல இருந்து 1900 மட்டும் ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் தனித்தனியா பழக்கின வலை, லீலா என்ஜினுக்குள்ள போட்டு ஓட்ட வேணும். இதில ஒரே ஒரு சட்டம், நோட் 1 எண்டு கட்டிவிட வேணும். கூட யோசிக்க விட்டா மனிசன்ர பிழைகளை அதுவே திருத்திக்கொண்டு வேற ஆளா மாறிடும். இதில குணத்தை மாத்த ஏலாது, ஆனா பிழையள் எல்லாம் எங்கயோ பாத்த பிழையள் மாதிரியே இருக்கும்.

மாத்தினது சரியா வேலை செய்யுதோ எண்டு பாக்க, மாத்தின என்ஜினையும் மாத்தாததையும் ஒரே நோட் கணக்கில இரவு முழுக்க தங்களுக்குள்ள விளையாட விடுங்கோ, விடிய எழும்பி பாருங்கோ. ஸ்கோரைப் பாக்காதைங்கோ, 20 கேமில 11க்கு 9 எண்டு வாறதில ஒரு அர்த்தமும் இல்லை, ஸ்டொக்ஃபிஷ் காரர் ஒரு சின்ன மாற்றத்தை ஏத்துக்கொள்ள ஃபிஷ்ரெஸ்ற் எண்ட தங்கட ரெஸ்ற் சைற்றில பத்தாயிரக்கணக்கில கேம் ஓட்டினம். நாங்கள் தேடுறது குணம், அதாலை கேம்களைத் திறந்து ராணி எத்தினையாவது மூவில மாத்துப்பட்டுது, ரெண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கத்தில காசில் பண்ணினவையோ, ஆர் முதல் சிப்பாயைத் தள்ளினது எண்டு பாருங்கோ. ஐஞ்சாறு கேமிலேயே பிடிபடும்.

விளையாடி முடிஞ்ச உடனை ஸ்டொக்ஃபிஷ்ஷைப் போட்டு எங்க பிழை எண்டு பாக்கிற பழக்கத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. குகேஷுக்கு சின்ன வயசில கோச்சா இருந்த விஷ்ணு பிரசன்னா, நல்ல ரேட்டிங் வரும் மட்டும் அவரை என்ஜின் பாவிக்க விடேல்லை எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. முதல்ல பிள்ளை தானே ஒரு கொப்பியில எங்க பிழைச்சுது எண்டு எழுதட்டும், பேந்து மல்டி பிவி 3 போட்டு ஒத்துப் பாக்கட்டும்.

எங்கட பெடியனுக்கு இப்ப ஓடுறது ரோடென்ற், ஓன் அட்டாக் 140, ஒப் அட்டாக் 80, கொன்டெம்ப்ட் 30, 3000 நோட், கிங்ஸ் கம்பிற் புக். முதல் கிழமை பத்துக்குப் பத்தும் தோத்து, "உது ஒண்டுமே சும்மா தருதில்லை மாமா" எண்டு ஃபோனைத் தூக்கி வச்சவன். நேத்து பின்னேரம் எஃப்7க்கு வந்த குதிரையை உடனை எடுக்காம, ராஜாவை ஒரு கட்டம் விலத்தி வச்சிட்டு பத்து நிமிஷம் யோசிச்சான், ரியூசனுக்கும் பிந்திப்போனான். அந்தக் கேம் ட்ரோ. வாற கிழமை ஒப் அட்டாக்கை 90 ஆக்கப் போறன்.